பெற்றோரின் ரத்த வகையிலிருந்து பிள்ளையின் ரத்த வகையைக் கணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தந்தைக்கு ஏ பாசிட்டிவ், தாய்க்கு பி பாசிட்டிவ், பிறந்த குழந்தைக்கு ஓ நெகட்டிவ் என்று அறிக்கை வந்தால், சேலத்தில் பெரும்பாலான வீடுகளில் முதலில் எழுவது குழப்பம். சில வீடுகளில் அதன் பின்னாலேயே சந்தேகமும் எழுகிறது. உண்மையில் இது மரபியல் விதிகளுக்கு முற்றிலும் உட்பட்ட விளைவு. பரிசோதனைக் கூடத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களும், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கம் கேட்கும் பெற்றோரும் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பெற்றோரின் அறிக்கையிலிருந்து நேராகப் பிள்ளையின் அறிக்கைக்குத் தாவிவிடுகிறார்கள். பிள்ளைக்குச் செல்வது அறிக்கையில் அச்சாகியிருக்கும் எழுத்து அன்று. அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கும் ஜீன் (மரபணு) இணையில் ஒரு பாதிதான் செல்கிறது. ஆகவே இடையில் ஜீன் இணையை எழுதிப் பார்க்கும் படி ஒன்று கட்டாயம் வேண்டும். கீழே உள்ள வரிசை அந்தப் படியைச் சுற்றியே அமைந்தது.

1. தொடங்கும் முன் சேகரிக்க வேண்டியவை

தாய், தந்தை, பிள்ளை ஆகிய மூவரின் ரத்த வகை அறிக்கைகள் அடிப்படைத் தேவை. இவற்றோடு தாத்தா பாட்டி நால்வரின் ரத்த வகையும், பெற்றோரின் உடன்பிறந்தோர், பிள்ளையின் உடன்பிறந்தோர் ஆகியோரின் ரத்த வகையும் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. ஏனெனில் பெற்றோருக்குள் மறைந்திருக்கும் ஜீனை வெளியே காட்டுபவர்கள் இவர்கள்தான். ஏற்காடு மலைக் கிராமங்களில் மூத்தவர்கள் பலருக்கு ரத்த வகையே பார்த்திருக்க மாட்டார்கள். அந்த இடத்தை வெற்றாக விட்டுவிட்டுத் தொடரலாம், ஊகித்து நிரப்பக் கூடாது.

ஒரு வெள்ளைத் தாளில் மூன்று வரிசைகள் போட்டு, மேல் வரிசையில் தாத்தா பாட்டிகளையும் நடுவில் பெற்றோரையும் கீழே பிள்ளைகளையும் எழுத வேண்டும். கணவனும் மனைவியும் உறவு முறையில் மணந்தவர்கள் என்றால் அந்த உறவைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்வது அவசியம். மாமன் மகளையோ அத்தை மகனையோ மணந்திருந்தால் தாத்தா பாட்டிகளில் சிலர் உடன்பிறந்தவர்களாக இருப்பார்கள். அக்கா மகளை மணந்திருந்தால் ஒரே மனிதர் ஒரு பக்கம் தந்தையாகவும் மறுபக்கம் தாத்தாவாகவும் வருவார். அரிதான ஜீன் ஒன்று இருவழியாகவும் வந்து ஒரே பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு இத்தகைய குடும்பங்களில் கூடுதல் என்பதால், எட்டாம் படியில் இந்தக் குறிப்பு உதவும்.

மேலும் மூன்று விவரங்களைக் கேட்டு எழுத வேண்டும்: ரத்தம் எடுத்தபோது பிள்ளையின் வயது, யாருக்கேனும் கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றப்பட்டதா என்பது, யாருக்கேனும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்ததா என்பது. இந்த மூன்றும் அறிக்கையில் தெரியும் ரத்த வகையை மாற்றிக் காட்டக்கூடியவை. ஆனால் அவற்றால் ஒருவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஜீன் மாறுவதில்லை.

2. அறிக்கை நம்பத்தக்கதா என்று பார்த்தல்

புதியவர்கள் தவறாமல் தாண்டிச் செல்லும் படி இது. ஓட்டுநர் உரிமத்திலும் பள்ளி, கல்லூரி அடையாள அட்டையிலும் அச்சாகியிருக்கும் ரத்த வகை பெரும்பாலும் விண்ணப்பத்தில் நாம் எழுதிக் கொடுத்ததுதான். அதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். "எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஓ பாசிட்டிவ்தான்" என்று தாயார் சொன்னதை மகன் அப்படியே எழுதி, அதுவே இருபது ஆண்டுகளாக அட்டைக்கு அட்டை தாவி வந்திருக்கும். இத்தகைய சான்றுகளைத் தாளில் பென்சிலால் எழுதுவதே முறை.

பேனாவால் எழுதத் தக்கவை இரண்டு. ஒன்று, ரத்த வங்கியின் கொடையாளர் அட்டை; ஏனெனில் கொடையளித்த ஒவ்வொரு பை ரத்தத்துக்கும் இருவழிச் சோதனை செய்யப்படுகிறது. மற்றொன்று, ஆய்வகத்தில் டியூப் முறையிலோ ஜெல் கார்டு முறையிலோ செய்து, இருவழிச் சோதனை என்று குறித்துக் கொடுத்த அறிக்கை.

இருவழிச் சோதனை என்றால் என்ன என்று தெரிந்திருந்தால்தான் பின்னால் வரும் முரண்பாடுகளைத் தீர்க்க முடியும். முதல் வழியில் ரத்தச் சிவப்பணுக்களுடன் ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி என்னும் திரவங்களைச் சேர்த்து எதில் செல்கள் திரண்டு கட்டிக்கொள்கின்றன என்று பார்க்கிறார்கள். ஆன்டி-ஏ நீல நிறத்திலும் ஆன்டி-பி மஞ்சள் நிறத்திலும் இருக்கும், ஆன்டி-டி நிறமற்றது. இரண்டாம் வழியில் அதே ஆளின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரை எடுத்து, ஏற்கெனவே வகை தெரிந்த ஏ செல்களோடும் பி செல்களோடும் சேர்க்கிறார்கள். ஏ வகையினரின் சீரத்தில் பி-க்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) இருக்கும். பி வகையினரிடம் ஏ-க்கு எதிரானது இருக்கும். ஓ வகையினரிடம் இரண்டும் இருக்கும். ஏபி வகையினரிடம் இரண்டும் இராது. இரு வழிகளும் ஒரே விடையைத் தந்தால்தான் ரத்த வகை உறுதி.

முகாம்களில் செய்யப்படும் ஸ்லைடு சோதனை முதல் வழி மட்டுமே. விரைவானது, செலவு குறைவு. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் விட்டுவிட்டால் துளியின் ஓரம் உலர்ந்து கட்டியதைப் போலத் தோன்றும். ஏற்காட்டின் மார்கழிக் காலையில் சில்லிட்ட கண்ணாடித் தகட்டின் மேல் சோதிக்கும்போது வேறொரு சிக்கலும் உண்டு. குளிரில் செயல்படும் ஆன்டிபாடி உடலில் உள்ள சிலரின் செல்கள் எந்தத் திரவமும் தேவையின்றித் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். ஓ வகையினர் ஒருவர் ஏபி என்று பதிவாக அது போதும். திரவங்களை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும் என்பதால், அடிவாரத்திலிருந்து மேலே கொண்டு செல்லும் பெட்டியில் ஐஸ் கரைந்துவிட்டதா என்று பார்ப்பதும் முகாம் நடத்துபவரின் பொறுப்பு. முகாம் அட்டையில் உள்ள வகையை நான் பென்சில் வரிசையிலேயே வைப்பேன்.

3. ஒவ்வொருவருக்கும் சாத்தியமான ஜீன் இணையை எழுதுதல்

ஏ, பி, ஓ வகையைத் தீர்மானிக்கும் ஜீன் 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் அதன் இரண்டு படிகள் (நகல்கள்) உள்ளன. ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றொன்று தந்தையிடமிருந்து வந்தது. தம் முறை வரும்போது ஒருவர் அந்த இரண்டில் ஒன்றை மட்டுமே பிள்ளைக்குக் கொடுக்கிறார்; எது செல்லும் என்பது ஒவ்வொரு கருவுக்கும் சரிபாதி வாய்ப்பு.

இந்த ஜீன் என்ன செய்கிறது என்று ஒரு முறை புரிந்துகொண்டால் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சிவப்பணுவின் மேற்பரப்பில் எச் என்னும் சர்க்கரைத் தொடர் ஒன்று இருக்கிறது. ஏ ஜீன் உருவாக்கும் நொதி அதன் முனையில் என்-அசிட்டைல் கேலக்டோசமைன் என்னும் சர்க்கரையைச் சேர்க்கிறது. பி ஜீனின் நொதி கேலக்டோஸைச் சேர்க்கிறது. ஓ ஜீனிலிருந்து வேலை செய்யும் நொதி எதுவும் வருவதில்லை, எனவே எச் தொடர் வெறுமையாகவே நிற்கிறது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் ஒரே சங்கிலியில் ஒருவர் ஒரு வகை மணியையும் இன்னொருவர் வேறு வகை மணியையும் கோத்துக்கொண்டிருக்க, மூன்றாமவர் சும்மா அமர்ந்திருப்பதைப் போன்றது இது. சும்மா இருப்பவர் பக்கத்தில் வேலை செய்பவர் ஒருவர் இருந்தால் போதும், கொலுசில் மணி வந்துவிடும். சும்மா இருந்தவர் அங்கே இருந்தார் என்பதே வெளியே தெரியாது. ஓ ஜீன் மறைந்திருப்பது இவ்வாறுதான். ஏ, பி இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டு மணிகளும் வரும். ஒன்றை ஒன்று மறைக்காது.

இதிலிருந்து தாளில் எழுத வேண்டியவை:

ஏ வகை என்றால் ஏ-ஏ அல்லது ஏ-ஓ.
பி வகை என்றால் பி-பி அல்லது பி-ஓ.
ஏபி வகை என்றால் ஏ-பி மட்டுமே.
ஓ வகை என்றால் ஓ-ஓ மட்டுமே.

ஏ, பி வகையினருக்கு இரண்டு இணைகளையும் எழுத வேண்டும். சுருக்கமாக இருக்கட்டும் என்று ஒன்றை மட்டும் எழுதுவதுதான் மாணவர்கள் செய்யும் முதல் பிழை. ஏ வகைத் தந்தைக்கு ஏ-ஏ என்று மட்டும் எழுதிவிட்டு, ஓ வகைப் பிள்ளை பிறக்கவே முடியாது என்ற முடிவுக்கு அவர்கள் வருவது இதனால்தான்.

4. குடும்பத்தாரைக் கொண்டு இணையைக் குறுக்குதல்

இரண்டு சாத்தியங்களில் ஒன்றை அடித்துவிட உறவினர் அறிக்கைகள் உதவுகின்றன. ஏ வகையினர் ஒருவரின் பெற்றோரில் யாரேனும் ஒருவர் ஓ வகையாகவோ பி வகையாகவோ இருந்தால், அவர் ஏ-ஓ என்பது உறுதி. ஓ அல்லது பி வகைப் பெற்றோரால் ஏ ஜீனைக் கொடுத்திருக்க முடியாது, பி ஜீனைக் கொடுத்திருந்தால் இவர் ஏபி ஆகியிருப்பார், ஆகவே கொடுத்தது ஓ மட்டுமே. அதே போல, ஏ வகையினருக்கு ஓ வகையிலோ பி வகையிலோ ஒரு பிள்ளை இருந்தாலும் அவர் ஏ-ஓ. பி வகையினருக்கும் இதே தர்க்கத்தை எழுத்தை மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம்.

உடன்பிறந்தோரைக் கொண்டு முடிவு செய்வதில் கவனம் வேண்டும். ஏ வகைப் பெண்ணின் தங்கை ஓ வகை, பெற்றோர் இருவரும் ஏ வகை என்று கொள்வோம். தங்கை ஓ-ஓ என்பதால் பெற்றோர் இருவரும் ஏ-ஓ என்று தெரிகிறது. ஆனால் அக்காள் ஏ-ஓ என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஏ-ஓ பெற்றோர் இருவருக்குப் பிறக்கக்கூடியவை நான்கு சேர்க்கைகள்: ஏ-ஏ, ஏ-ஓ, ஓ-ஏ, ஓ-ஓ. அக்காள் ஓ வகை அன்று என்று ஏற்கெனவே தெரியும் என்பதால் கடைசிச் சேர்க்கை நீங்கிவிடுகிறது. மீதி மூன்றில் இரண்டு ஏ-ஓ. எனவே அவரிடம் ஓ மறைந்திருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. பாதிக்குப் பாதி என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. தேர்வுத்தாள் திருத்துவோர் இதற்காகவே இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் என்று தோன்றும்.

எந்த உறவினரும் உதவவில்லை என்றால் இரண்டு இணைகளையும் அப்படியே விட்டுவிட வேண்டும். அப்போது எந்த வகைகள் சாத்தியம் என்று மட்டும் சொல்லலாம். சதவீதம் சொல்லக் கூடாது.

5. கட்டம் போட்டு ஏ, பி, ஓ வகையைக் கணித்தல்

இரண்டுக்கு இரண்டு என்று நான்கு கட்டங்கள் வரைந்து, மேலே தந்தையின் இரண்டு படிகளையும் இடப்பக்கம் தாயின் இரண்டு படிகளையும் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் மேலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றும் சேர்க்க வேண்டும். பள்ளிப் பாடத்தில் வரும் பன்னெட் கட்டம்தான் இது.

தொடக்கத்தில் சொன்ன குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தையின் தாயார் ஓ வகை, எனவே தந்தை ஏ-ஓ. தாயின் தகப்பனார் ஓ வகை, எனவே தாய் பி-ஓ. நான்கு கட்டங்களில் விழுபவை ஏ-பி, பி-ஓ, ஏ-ஓ, ஓ-ஓ. அதாவது ஏபி, பி, ஏ, ஓ ஆகிய நான்கு வகைகளும் தலா நான்கில் ஒரு பங்கு. ஏ வகைக்கும் பி வகைக்கும் மணம் முடித்தால் நான்கு வகைப் பிள்ளைகளும் பிறக்கலாம் என்பதற்கு இதுவே காரணம்.

மற்றச் சேர்க்கைகளுக்கு இரண்டு இணைகளையும் வைத்துக் கட்டம் போட்டுப் பார்த்தால் கிடைப்பவை இவை:

ஓ உடன் ஓ: ஓ மட்டும்.
ஓ உடன் ஏ: ஏ அல்லது ஓ.
ஓ உடன் பி: பி அல்லது ஓ.
ஓ உடன் ஏபி: ஏ அல்லது பி.
ஏ உடன் ஏ: ஏ அல்லது ஓ.
பி உடன் பி: பி அல்லது ஓ.
ஏபி உடன் ஏ அல்லது பி அல்லது ஏபி: ஓ தவிர மற்ற மூன்றும்.

இவற்றில் மக்களை அதிகம் திகைக்க வைப்பது ஓ உடன் ஏபி சேரும் வரிதான். அங்கே எந்தப் பிள்ளைக்கும் தாயின் வகையும் வராது, தந்தையின் வகையும் வராது. மகனுக்குத் தகப்பன் வகை, மகளுக்குத் தாய் வகை என்று வீடுகளில் சொல்லப்படும் விதிக்கு எந்த அடிப்படையும் இல்லை. 9-ஆம் குரோமோசோம் ஆண், பெண் பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம் அன்று.

நான்கில் ஒரு பங்கு என்றால் நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு என்று பொருள் கொள்வதும் பிழை. ஒவ்வொரு கருவுக்கும் கட்டம் புதிதாகத் தொடங்குகிறது. முதல் பிள்ளை ஓ வகையாகப் பிறந்துவிட்டது என்பதால் இரண்டாம் பிள்ளைக்கு ஓ வரும் வாய்ப்பு குறைவதில்லை.

6. பாசிட்டிவ், நெகட்டிவ் என்பதைத் தனியாகக் கணித்தல்

பாசிட்டிவ், நெகட்டிவ் என்று சொல்லப்படும் ஆர்எச் வகையைத் தீர்மானிக்கும் ஜீன் 1-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 9-ஆம் குரோமோசோமில் இருப்பதோடு அதற்குத் தொடர்பில்லை என்பதால் இரண்டு கணக்குகளையும் ஒரே கட்டத்தில் கலக்காமல் வேறு வேறாகப் போட வேண்டும். ஒன்றாகப் போட்டால் பதினாறு கட்டங்கள் ஆகும்; தொடக்கநிலையில் அது பிழைக்கே வழி.

சிவப்பணுவின் மேற்பரப்பில் இருக்கும் டி என்னும் ஆன்டிஜெனை (அடையாளப் பொருளை) உருவாக்கும் படியை டி என்றும், உருவாக்காத படியை இ என்றும் குறித்துக்கொள்வோம். பாசிட்டிவ் என்றால் டி-டி அல்லது டி-இ; நெகட்டிவ் என்றால் இ-இ. பாசிட்டிவ் உள்ள ஒருவரின் பெற்றோரிலோ பிள்ளைகளிலோ ஒருவர் நெகட்டிவ் என்றால் அவர் டி-இ என்பது உறுதி.

இருவரும் டி-இ என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நெகட்டிவ் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒருவர் டி-இ, மற்றவர் நெகட்டிவ் என்றால் பாதி. ஒருவர் டி-டி என்றால் துணை யாராக இருந்தாலும் பிள்ளைகள் அனைவரும் பாசிட்டிவ். இருவரும் நெகட்டிவ் என்றால் பிள்ளைகள் அனைவரும் நெகட்டிவ்.

பாசிட்டிவ் பெற்றோருக்கு நெகட்டிவ் பிள்ளை பிறப்பது அதிசயம் என்று எண்ணுவோருக்கு ஒரு கணக்கைக் காட்டலாம். இந்தியாவில் நெகட்டிவ் உள்ளோர் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பேர். நூற்றுக்கு 5 பேரிடம் இரண்டு இ படிகளும் சேர்ந்திருக்க வேண்டுமானால் மொத்தப் படிகளில் இ-யின் பங்கு 0.22 அளவில் இருக்க வேண்டும், 0.22-ஐ 0.22-ஆல் பெருக்கினால் 0.05 வருகிறது. அதிலிருந்து கணக்கிட்டால், பாசிட்டிவ் உள்ளோரில் மூவரில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலானோரிடம் ஓர் இ மறைந்திருக்கிறது. எனவே இரண்டு பாசிட்டிவ் பெற்றோரிடமும் அது இருப்பது அபூர்வம் அன்று. உறவு முறையில் மணந்தவர்களிடம் இன்னும் கூடுதல்.

7. இரண்டு விடைகளையும் பெருக்குதல்

இரண்டு ஜீன்களும் தனித்தனிக் குரோமோசோம்களில் இருப்பதால் வாய்ப்புகளைப் பெருக்கலாம். நம் எடுத்துக்காட்டில் ஓ வகைக்கு நான்கில் ஒன்று; பெற்றோர் இருவரும் டி-இ என்பது பிள்ளை நெகட்டிவ் என்பதாலேயே தெரிகிறது, எனவே நெகட்டிவுக்கு நான்கில் ஒன்று. ஓ நெகட்டிவ் பிள்ளைக்கு வாய்ப்பு பதினாறில் ஒன்று. குறைவுதான், ஆனால் இயற்கைக்கு மாறானது அன்று.

8. அறிக்கை விதிக்கு முரண்பட்டால் பார்க்க வேண்டிய வரிசை

முரண்பாடு என்று சொல்லத்தக்கவை சிலவே: பெற்றோரில் ஒருவர் ஓ வகையாக இருக்க ஏபி பிள்ளை, பெற்றோரில் ஒருவர் ஏபி வகையாக இருக்க ஓ பிள்ளை, பெற்றோர் இருவரிடமும் தெரியாத ஏ அல்லது பி உள்ள பிள்ளை, நெகட்டிவ் இருவருக்குப் பாசிட்டிவ் பிள்ளை. இவற்றில் ஒன்று வந்தால் கீழ்க்கண்ட வரிசையில்தான் போக வேண்டும். எளிதாகவும் அடிக்கடியும் நேர்பவை முன்னால், மிக அரிதானவை பின்னால் என்பதே வரிசையின் நியாயம்.

முதலாவது, பெயரும் மாதிரியும். ஒரே வார்டில் ஒரே பெயருள்ள இரு தாய்மார்கள் இருப்பது சாதாரணம். மூவருக்கும் புதிய மாதிரி எடுத்து, ஒரே ஆய்வகத்தில், இருவழிச் சோதனை செய்யச் சொல்ல வேண்டும். பெரும்பாலான முரண்பாடுகள் இங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, குழந்தையின் வயது. தொப்புள்கொடி ரத்தத்தில் வார்ட்டன் ஜெல்லி என்னும் வழவழப்பான பொருள் கலந்துவிட்டால் செல்கள் பொய்யாகக் கட்டிக்கொள்ளும். பச்சிளங்குழந்தையின் ஏ, பி ஆன்டிஜென்கள் முழு வலிமை பெற்றிருப்பதில்லை. அதன் சீரத்தில் சொந்த ஆன்டிபாடிகள் உருவாகச் சில மாதங்கள் ஆகும். அதுவரை இருப்பவை தாயிடமிருந்து வந்தவை, ஆகவே இரண்டாம் வழிச் சோதனைக்கு அந்த வயதில் பொருளில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடியும் சோதித்த பின்பே குழந்தையின் வகையைப் பேனாவால் எழுதலாம்.

மூன்றாவது, வலு குறைந்த வகைகள். ஏ வகையில் ஏ1, ஏ2 என்ற உட்பிரிவுகள் உண்டு. ஏ2 ஜீனோடு பி ஜீன் சேர்ந்திருப்பவரின் ஏ எதிர்வினை மங்கலாக இருக்கும். அவசரமாகப் பார்ப்பவர் அவரை பி வகை என்று எழுதிவிடுவார். அவர் ஓ வகைத் துணைவருக்கு ஏ வகைப் பிள்ளையைத் தந்தால் காகிதத்தில் அது சாத்தியமற்றதாகத் தெரியும். டி ஆன்டிஜெனிலும் வலு குறைந்த வகை இருக்கிறது. ஒரே மனிதர் நோயாளியாகச் சென்றபோது நெகட்டிவ் என்றும், கொடையாளராகச் சென்றபோது பாசிட்டிவ் என்றும் அட்டை பெற்றிருக்கலாம். இரண்டுமே பிழை அன்று. கொடை ரத்தத்தில் வலு குறைந்த டி-யையும் தேடிப்பிடித்துப் பாசிட்டிவ் என்று முத்திரையிடுவது பெறுபவரின் பாதுகாப்புக்காக. ரத்தம் பெறப்போகும் நோயாளியை நெகட்டிவ் என்று வைத்துக்கொள்வது அவருடைய பாதுகாப்புக்காக.

நான்காவது, பம்பாய் வகை. 1952-இல் பம்பாயில் முதன்முதலாக அறியப்பட்ட இந்த வகையில், எச் தொடரையே உருவாக்கும் ஜீன் இரு படிகளிலும் செயலிழந்திருக்கும். அந்த ஜீன் 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. மணி கோக்கச் சங்கிலியே இல்லை என்பதால், ஏ ஜீனோ பி ஜீனோ இருந்தும் வெளியே எதுவும் தெரியாது. முதல் வழிச் சோதனையில் அவர் ஓ வகை என்றே தோன்றுவார். ஆனால் மறைந்திருக்கும் ஏ அல்லது பி ஜீனைப் பிள்ளைக்குக் கொடுப்பார். துணைவரிடமிருந்து நல்ல எச் ஜீன் கிடைப்பதால் பிள்ளையிடம் அது வெளிப்பட்டுவிடும். ஓ இருவருக்கு ஏ பிள்ளை பிறந்ததாகத் தோன்றும் நிலை இப்படி வரலாம். அவருடைய சீரத்தை ஓ செல்களோடு சேர்த்தால் கட்டிக்கொள்ளும். சாதாரண ஓ வகையினரிடம் அது நேராது. ஆன்டி-எச் சோதனையால் இதை உறுதி செய்கிறார்கள். இந்தியாவில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது; ஒடுங்கிய ஜீன் இரண்டு சேர்ந்தால்தான் வெளிப்படும் என்பதால், முதல் படியில் தாளின் ஓரத்தில் குறித்த உறவுமுறைத் திருமணம் இங்கே முக்கியமாகிறது. கண்டறிவதன் பயன் மரபுக் கணக்கோடு முடிவதில்லை. பம்பாய் வகையினருக்குச் சாதாரண ஓ ரத்தம் ஏற்றுவது உயிருக்கு ஆபத்து. பம்பாய் வகை ரத்தமே வேண்டும்.

ஐந்தாவது, சிஸ்-ஏபி. ஒரே படியில் ஏ, பி இரண்டின் வேலையும் நடக்கும் மிக அரிய நிலை. அத்தகையவர் ஓ வகைத் துணைவருக்கு ஏபி பிள்ளையையும் தரலாம், ஓ பிள்ளையையும் தரலாம்.

இவை அனைத்தையும் ரத்த வங்கி மருத்துவரிடம் காட்டித் தீர்த்துக்கொள்ள வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரத்த வங்கி இயங்குகிறது. இவ்வளவும் பார்க்காமல் ரத்த வகையை வைத்துத் தந்தைமையைப் பற்றிப் பேசுவது அறிவீனம், ஒரு பெண்ணுக்கு இழைக்கும் அநீதியும்கூட. ரத்த வகை பொருந்தினாலும் இன்னார்தான் தந்தை என்று அது நிறுவுவதில்லை, ஏனெனில் அதே வகையில் பல்லாயிரம் ஆண்கள் இருக்கிறார்கள். சட்டமும் இதில் கடுமையாகவே நிற்கிறது. திருமணம் நிலவும் காலத்தில் பிறந்த பிள்ளை அந்தக் கணவரின் பிள்ளையே என்ற அனுமானம் 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவில் இருந்தது. இப்போது 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சியச் சட்டத்தின் 116-ஆம் பிரிவில் இருக்கிறது. கேட்டவுடன் வழக்கமாக ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் கௌதம் குண்டு வழக்கில் கூறியிருக்கிறது.

9. இந்தக் கணக்கைத் திருமணத்துக்கும் பிரசவத்துக்கும் பயன்படுத்துதல்

ஜாதகத்தோடு ரத்த வகையும் கேட்கும் வழக்கம் பரவியிருக்கிறது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே ரத்த வகை என்றால் பிள்ளைக்குக் குறை வரும் என்பது தவறான நம்பிக்கை. தென்னிந்தியாவில் ஓ வகையும் அதற்கு அடுத்து பி வகையும் மிகுதி என்பதால், அந்த விதியைப் பின்பற்றினால் பல சம்பந்தங்கள் காரணமின்றி நின்றுவிடும். நெருங்கிய உறவில் மணம் முடிப்பதால் வரும் மரபுக் குறைகள் வேறு ஜீன்களைச் சார்ந்தவை. ரத்த வகை பொருந்துவதாலோ பொருந்தாததாலோ அவை வருவதுமில்லை, நீங்குவதுமில்லை.

கவனிக்க வேண்டிய சேர்க்கை ஒன்றுதான்: தாய் நெகட்டிவ், தந்தை பாசிட்டிவ். இதுவும் திருமணத்துக்குத் தடை அன்று, முன்னேற்பாட்டுக்கான குறிப்பு. வயிற்றில் வளர்வது பாசிட்டிவ் குழந்தை என்றால், பிரசவத்தின்போது அதன் செல்கள் தாயின் ரத்தத்தில் கலந்து, தாயின் உடல் டி-க்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்கக்கூடும். முதல் குழந்தைக்குப் பொதுவாகத் தீங்கில்லை. அடுத்த பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களை அந்த ஆன்டிபாடி அழிக்கும். அதைத் தடுக்கத்தான் கர்ப்பத்தின் 28-ஆம் வாரத்திலும், குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் ஆன்டி-டி ஊசி போடுகிறார்கள். வழக்கமான அளவு 300 மைக்ரோகிராம். அதற்கு முன் தாயிடம் ஆன்டிபாடி ஏற்கெனவே உருவாகிவிட்டதா என்று மறைமுக கூம்ப்ஸ் சோதனையால் பார்க்கிறார்கள். உருவாகிவிட்டிருந்தால் ஊசியால் பயனில்லை.

இங்கே கணக்கை எங்கே நிறுத்துவது என்பது முக்கியம். தந்தை டி-இ என்று தெரிந்தால் குழந்தை நெகட்டிவாக இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு; ஆனால் அந்தப் பாதியை நம்பி ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. தந்தையும் நெகட்டிவ் என்றால் ஊசி தேவையில்லை என்று தாளில் வரும். அவருடைய நெகட்டிவ் எந்த அட்டையிலிருந்து வந்தது என்று பார்க்காமல் அந்த முடிவை எடுக்கக் கூடாது. அவரையும் புதிதாகச் சோதித்து, முடிவை மகப்பேறு மருத்துவரிடம் விட வேண்டும்.

மலையிலிருந்து வருவோர் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தாய் நெகட்டிவ் என்பது மகப்பேறு அட்டையின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஊசி மருந்து இருக்கும் இடத்திலேயே பிரசவம் பார்க்கும்படி கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். கரு கலைந்தாலும், கர்ப்ப காலத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டாலும் குழந்தையின் செல்கள் தாயிடம் கலந்திருக்கலாம். கலைந்த கருவின் ரத்த வகையை அப்போது பார்க்க வழி இருப்பதில்லை என்பதால், அதைப் பாசிட்டிவ் என்றே கொண்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 72 மணி நேரக் கெடு அதற்கும் பொருந்தும்.